டீச்சர் வேலைக்கு ஒரு பக்கம் உரித்த டிகிரி

1

நேற்று மதியம் எங்கள் கடையின் லாமினேஷன் மெஷின் உயிரை விட்டது. ஒரு டாக்சிக்காரரின் லைசென்ஸ் நகலைப் பாதி விழுங்கிய நிலையில் ஒரு தடவை உறுமியது, கருகல் வாசம் விட்டது, அப்புறம் அசையவில்லை. டாக்சிக்காரர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அதன் வாயிலிருந்து காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தோம். முதலாளி சம்சுதீன் காக்கா வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

“கலாஸ்! முடிஞ்சிருச்சு,” என்றார். “பத்து வருசமா ஒழைச்சிச்சு. ஒரு நாள் லீவு கேக்கல. ஊருக்குப் போவணும்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கல. ஒன்னைய மாதிரியா?”

காக்கா அதிராம்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். மெஷினுக்கு இரங்கல் சொன்னாலும் அதில் எனக்கென்று ஒரு குத்தை ஒதுக்கி வைத்திருப்பார். நான் பட்டுக்கோட்டைப் பக்கம். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேர உறவில்தான் அமீரகத்தின் அல் ஐன் நகரத்தில், அவருடைய எழுதுபொருள் கடையில், ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், லாமினேஷன் மூன்றுக்கும் பொறுப்பாளராக ஓடிக்கொண்டிருக்கிறது என் பிழைப்பு.

மெஷின் செத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அதற்கும் எனக்கும் இரண்டாயிரத்து நாலாம் வருடத்திலிருந்து ஒரு பகை உண்டு. செத்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பார்கள். மெஷினுக்கு அந்தச் சட்டம் இல்லை என்று நினைக்கிறேன்.

அந்தப் பகைக் கதையை இப்போது சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. ஊரிலிருந்து மாதம் ஒருவராவது போன் செய்து, “நம்ம புள்ள இங்கிலீஷ்ல பி.ஏ., பி.எட். முடிச்சிருக்கு. அங்க நல்ல ஸ்கூலா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க,” என்கிறார்கள். நான் படித்தது ஒன்பதாவது. மிச்சப் படிப்பெல்லாம் மற்றவர்களின் காகிதங்களை நகலெடுக்கும்போது ஓரக்கண்ணால் படித்ததுதான். என்னிடம் போய்ப் பள்ளிக்கூடம் கேட்கிறார்களே என்று முதலில் கூச்சமாக இருக்கும். ஆனால் யோசித்தால், கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்கிறார்கள். பட்டது நான்தானே.

2

என் விசாவில் தொழில் என்று போட்டிருப்பது ‘ஹெல்பர்’. ஹெல்பருக்குக் குடும்பத்தைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளும் தகுதி கிடையாது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போவேன். நான் போய் இறங்கியதும் என் மகள் யாழினி அவள் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். ஒளிவதை நிறுத்தி மடியில் வந்து உட்காரும்போது எனக்கு ரிட்டர்ன் டிக்கெட் தேதி வந்துவிடும். போனில்தான் அவளுக்கு என்னோடு நல்ல பழக்கம். நேரில் வந்த ஆளை அந்தக் குரலோடு பொருத்திப் பார்க்க அவளுக்கு நாள் பிடித்தது.

என் மனைவி கலைமதி ஆங்கிலத்தில் பி.ஏ., அதற்கு மேல் பி.எட். பட்டுக்கோட்டையில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஐந்து வருடம் பாடம் நடத்தியவள். எனக்கும் அவளுக்கும் எப்படிக் கல்யாணம் ஆனது என்று கேட்காதீர்கள். அவளே அதை இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஒரு நாள் காக்காதான் சொன்னார்: “ஏம்ப்பா செல்வராசு, ஒன்னால குடும்பத்தக் கூட்டியார முடியாது. சரி. ஒம் பொண்டாட்டியால முடியுமே! டீச்சர் வேலைக்கு ஸ்கூல்காரனே விசா எடுப்பான். புள்ளயும் அதோட சேந்து வந்துடும். குவாட்டர்ஸ் வேற குடுப்பான். நீ சும்மா சட்டையத் துவைச்சுப் போட்டுக்கிட்டுப் போயி அங்க இருந்துக்க.”

அன்றைக்கு அந்த யோசனை எனக்குள் விழுந்தது. இரண்டாயிரத்து நாலு மே மாதம், ஊரில் பள்ளிக்கூடம் லீவு விட்ட கையோடு, கலைமதியும் ஏழு வயது யாழினியும் விசிட் விசாவில் வந்து இறங்கினார்கள். கையில் இருந்தது இரண்டு மாதம். அதற்குள் ஒரு நல்ல பள்ளி கிடைத்தால் நாங்கள் மூன்று பேரும் ஒரே ஊரில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் யாழினி மறுபடியும் ஒளிந்து விளையாட ஆரம்பித்துவிடுவாள்.

தங்குவதற்கு, கடைக்கு மேலே சரக்கு வைக்கும் அறையைக் காக்கா ஒழித்துக் கொடுத்தார். முழுக்க ஒழிக்கவில்லை. எங்கள் கட்டிலே ஏ-ஃபோர் பேப்பர் பெட்டிகளை அடுக்கிச் செய்ததுதான். அவசரமாகப் பேப்பர் தேவைப்பட்டால் காக்கா மேலே வந்து, “கொஞ்சம் எந்திரிம்மா,” என்று கட்டிலிலிருந்து ஒரு பெட்டியை உருவிக்கொண்டு போவார். ஜூன் முடிவதற்குள் கட்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

3

நல்ல பள்ளி எது என்பதில் ஆளுக்கொரு கருத்து இருந்தது.

காக்கா சொன்னது: “பிரின்சிபால் ரூமுல ஏசி ஓடுதான்னு பாக்காத, எல்லா எடத்துலயும் ஓடும். க்ளாஸ்ல ஓடுதான்னு பாரு.”

என் கருத்து வேறு. அல் ஐனில் வேலை மாற நினைக்கும் டீச்சர்கள் எல்லாரும் பயோடேட்டா நகலெடுக்க எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். எந்தப் பள்ளி டீச்சர்கள் அடிக்கடி வருகிறார்களோ அந்தப் பள்ளி சரியில்லை. ஒரு பள்ளியிலிருந்து கணக்கு டீச்சரும் அறிவியல் டீச்சரும் ஒரே நாளில் வந்து, ஒருவரை ஒருவர் பார்த்ததும் திகைத்து, “நான் பென்சில் வாங்க வந்தேன்,” என்று இருவருமே சொன்னதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த முறையில் நான் நாலு பள்ளிகளைக் கழித்துக் கட்டினேன். ஆனால் இதில் ஒரு கோளாறு. நல்ல பள்ளியிலிருந்து யாருமே என் கடைக்கு வர மாட்டார்கள். ஆகவே அப்படி ஒரு பள்ளி இருப்பதே எனக்குத் தெரியாது.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஆறுமுகம். மன்னார்குடிக்காரர், எனக்கு மூத்தவர், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். கம்பெனி பஸ் என்பதால் இந்த மாதம் ஒரு பள்ளிக்கு ஓட்டுவார், அடுத்த மாதம் வேறொன்றுக்கு. எந்தப் பள்ளியின் உள்விவகாரமும் அவருக்கு அத்துபடி.

“தம்பி, டீச்சருங்க பஸ்ஸ விட்டு எறங்கையில மூஞ்சியப் பாக்கணும்,” என்றார். “சாயங்காலம் எல்லா ஸ்கூல்லயும் சிரிச்சுக்கிட்டுத்தான் எறங்குவாங்க. அத நம்பாத. காலையில சிரிச்சுக்கிட்டு எறங்குனா அதான் நல்ல ஸ்கூலு. எஞ் சர்வீஸ்ல அப்புடி ஒண்ணே ஒண்ணுதான் பாத்துருக்கேன்.”

யாராவது இப்படி நன்றாக ஒன்று சொல்லிவிட்டால், ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். இதை எழுதி அடியில் கோடும் போட்டேன்.

ஆனாலும் கலைமதி வழியில் இருந்த மற்ற பள்ளிகளையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்றாள். முதல் பள்ளி ஒரு பழைய வில்லா வீட்டில் நடந்தது. ஆங்கிலத்தோடு நீதிபோதனை, விளையாட்டு, காலையில் பஸ்ஸில் குழந்தைகளைப் பிடித்துக்கொள்வது எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். கலைமதி, “சமைக்க வேண்டாமா சார்?” என்று மிகவும் மரியாதையாகக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

இரண்டாவது பள்ளியில் கேள்விகளை எல்லாம் என்னைப் பார்த்தே கேட்டார்கள். “மேடத்துக்கு எத்தனை வருட அனுபவம்?” என்று என்னிடம். “இலக்கணம் நடத்துவாரா?” என்று என்னிடம். நானும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். நாலாவது கேள்வி ஏதோ வினைச்சொல் பற்றியது. நான் கூரையைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் கலைமதி சொன்னாள்: “வேலை ஒங்களுக்குத்தான் குடுப்பாங்க போலருக்கு. சேந்துருங்க. நானும் புள்ளயும் ஜெராக்ஸ் கடையப் பாத்துக்குறோம்.”

4

மூன்றாவதாகப் போனது ஆறுமுகம் சொன்ன, காலையில் சிரிக்கும் பள்ளி.

முதல்வர் வயதானவர், மெல்லிய குரல். சான்றிதழைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்கள் என்றார். நாலாம் வகுப்பு. பாடம், ‘ஒரு மழை நாள்’.

அது ஜூன் மாதம். வெளியே தார் ரோடு நெளிந்துகொண்டிருந்தது. அந்த வகுப்பில் உள்ள பிள்ளைகளில் பாதிப்பேர் இங்கேயே பிறந்தவர்கள். இந்த ஊரில் மழை வந்தால் வீட்டுக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு நனைவதற்கென்றே வெளியே ஓடுவார்கள். அதுவும் எப்போதோ ஒரு நாள். இவர்களுக்குக் குடை, சேறு, கூரை ஒழுகுவது எல்லாம் எப்படிப் புரியும் என்று நான் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாழினி. சோபாவின் பிளாஸ்டிக் உறையில் தொடை ஒட்டிக்கொண்டு அவள் எழும்போதெல்லாம் ஒரு சத்தம் வந்தது. அதை அவள் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள்.

திடீரென்று மழை பெய்ய ஆரம்பித்தது.

முதலில் சொட்டுச் சொட்டாக. பிறகு தூறல். பிறகு சடசடவென்று. நான் ஜன்னலைப் பார்த்தேன், வெயில் கண்ணைக் குத்தியது. ஆனால் மழைச் சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. அடுத்த நிமிடம் ஒரு இடி. முதல்வர் தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

“கம்ப்யூட்டர் லேப்! கம்ப்யூட்டரை மூடு!” என்று கத்தினார். அங்கே கூரை ஒழுகும் போலிருக்கிறது. கடைநிலை ஊழியர் ஒருவர் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். இன்னொருவர் பின்னாலேயே வாளியோடு.

சத்தம் நாலாம் வகுப்பிலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தால், முப்பது பிள்ளைகளும் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். கலைமதி ஒரு விரலைக் காட்டினால் ஒரு விரல். இரண்டைக் காட்டினால் இரண்டு. உள்ளங்கையைக் காட்டினால் அடைமழை. காலைத் தூக்கினால் இடி. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று பிள்ளைகளே கத்துகிறார்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் நோட்டைத் தலைக்கு மேல் பிடித்திருந்தான், நனையாமல் இருக்க.

முதல்வர் வாசலிலேயே நின்றார். மாடியிலிருந்து தார்ப்பாய்க்காரர், “மழை எங்கே சார்?” என்று ஹிந்தியில் கேட்டது கீழே வரை கேட்டது. முதல்வருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“செப்டம்பரில் சேர்ந்துகொள்ளுங்கள்,” என்றார். “ஆபீசில் காகிதங்களைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.”

5

ஆபீசில் இருந்தது ஒரு மலையாளி மேடம். கொல்லத்துக்காரர் என்று அப்புறம் தெரிந்தது. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

“ஒரிஜினல் டிகிரியிண்டே பின்னாலே ஸ்டாம்பு வேணும்,” என்றார். “சென்னையில ஒண்ணு, டெல்லியில ரெண்டு, பின்னே இவிடே வந்திட்டு ஒண்ணு. மொத்தம் நாலு. ஆகஸ்டு கழியறதுக்கு முன்னாடி வேணும். இல்லெங்கில் வேற ஆள எடுத்துடும். கியூ நிக்குது, கேட்டோ?”

“அதுக்கென்ன மேடம்,” என்று நான் பெருமையோடு கவரைத் திறந்து டிகிரியை எடுத்து நீட்டினேன். ட்யூப்லைட் வெளிச்சம் அதில் பட்டு மேடத்தின் கண்ணில் அடித்தது.

மேடம் அதை வாங்கினார். திருப்பினார். மறுபடி திருப்பினார். நகத்தால் சுரண்டினார்.

“அய்யோ! இது ஆரு செய்தது?”

செய்தது நான்தான்.

கலைமதி வந்து இறங்கிய மறுநாளே, சரக்கு அறையின் ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவளுடைய கவர் மேல் விழப் பார்த்தது. என் மனது பதறிவிட்டது. அவள் களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் டிகிரியைக் கீழே எடுத்துப் போய், கடையிலேயே உயர்ந்த ரகக் கவரில் வைத்து, இரண்டு பக்கமும் லாமினேஷன் போட்டு, ஓரத்தை ஸ்கேல் வைத்து வெட்டி, முனைகளை வளைத்துக் கொடுத்து, அவள் எழுந்ததும் நீட்டினேன். பி.எட். சான்றிதழ் அளவு பெரிதாக இருந்ததால் மெஷின் வாய்க்குள் போகவில்லை. அதற்கு ஆயுள் கெட்டி.

கலைமதியும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டாள் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். “பளபளன்னு இருக்குங்க,” என்றாள். நம் ஆட்களுக்கு ஒரு பொருள் மேல் மதிப்பு வந்துவிட்டால் அதற்கு லாமினேஷன் போடாமல் கை நிற்காது. ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், முருகன் படம், வீட்டுப் பட்டா நகல். என் கடைக்கு வரும் தொழிலாளர் கேம்ப் ஆட்களில் ஒருவர், மேனேஜர் கையெழுத்துப் போட்ட லீவு லெட்டருக்கே லாமினேஷன் போட்டு வைத்திருக்கிறார், மேனேஜருக்கு மனசு மாறினாலும் அழிக்க முடியாதாம்.

ஆனால் பிளாஸ்டிக் மேல் எந்த அரசாங்கமும் முத்திரை குத்தாது. இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். புது டிகிரி வாங்கலாமா என்று கேட்டால், பல்கலைக்கழகத்தில் நகல் வாங்க ஆறு மாதம் ஆகலாம் என்றார் மேடம்.

திரும்பும்போது டாக்சியில் கலைமதி டிகிரியின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். யாழினிதான் கேட்டாள்: “அப்பா, அம்மா டிகிரி செத்துப்போச்சா?”

6

அடுத்த ஒரு வாரம் எங்கள் கடை ஒரு ஆஸ்பத்திரியாக மாறியது. காக்கா, ஆறுமுகம், நான் என்று மூன்று டாக்டர்கள். உண்மையான டிகிரியில் கை வைக்க யாருக்கும் துணிவில்லை. எனவே ஜெராக்ஸ் காகிதங்களுக்கு லாமினேஷன் போட்டு, அவற்றை உரித்துப் பழகினோம்.

ஆறுமுகம் தன்னுடைய பஸ் டாஷ்போர்டில் ஒன்றை வெயிலில் வைத்தார். மதியம் போய்ப் பார்த்தபோது அது அப்பளம் மாதிரி சுருண்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக்கும் காகிதமும் மட்டும் பிரியவில்லை.

“பாசம்ப்பா,” என்றார் ஆறுமுகம்.

காக்காவுக்குக் குளிரில் நம்பிக்கை. பக்கத்து கஃபேட்டேரியாவின் ஃப்ரீசரில் ஒன்றை வைத்துவிட்டு வந்தார். அங்கே இருந்த ஆள் அதைப் புது மெனு கார்டு என்று நினைத்துச் சுவரில் மாட்டிவிட்டார். அது எங்கள் கடையின் விடுமுறை அறிவிப்பு. “வெள்ளிக்கிழமை கடை கிடையாது” என்பதைப் படித்துவிட்டு இரண்டு பேர் சாப்பிடாமல் போய்விட்டார்களாம்.

நான் அயர்ன் பாக்ஸ் வைத்துப் பார்த்தேன். முன்பக்கத்து பிளாஸ்டிக் உரிந்தது. நான் துள்ளிக் குதித்தேன். பிறகு பார்த்தால், எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு போயிருந்தது. என் கையில் மிச்சம் இருந்தது சுத்தமான வெள்ளைக் காகிதம்.

அதைக் கலைமதியிடம் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டேன். அவள் அந்த வெள்ளைக் காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“மூணு வருசம் காலேஜுக்கு பஸ்ல நின்னுக்கிட்டே போனேங்க,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

விசா முடிய ஒன்பது நாள் இருந்தது. இதற்கிடையில் யாழினி எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில், ஆங்கிலத்தில் கேட்டால் ஹிந்தியில் பதில் என்று ஆகிவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் “கலாஸ் அப்பா” என்பாள். போதுமாம். செருப்பு எங்கே என்றால் “மாஃபி” என்பாள், இல்லையாம். ஆனால் ஒளிவதை நிறுத்தியிருந்தாள். பேப்பர் பெட்டிக் கட்டில் சாய்ந்த பக்கத்தில் நான் படுத்திருந்தால் உருண்டு வந்து என் மேல்தான் விழுவாள். எனக்கு அந்தக் கட்டிலைச் சரிசெய்யவே மனமில்லை.

7

மறுநாள் மாலை மூன்று டாக்டர்களும் கல்லாவுக்குப் பின்னால் நின்று அடுத்த சிகிச்சை பற்றி வாதாடிக்கொண்டிருந்தோம். முன்பக்கத்து பிளாஸ்டிக்கை எழுத்துக்குச் சேதமில்லாமல் எடுப்பது எப்படி? காக்கா நீராவி என்றார். ஆறுமுகம் பெட்ரோல் என்றார். கலைமதி மாடியிலிருந்து இறங்கி வந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். வகுப்பில் கடைசி பெஞ்சைக் கேட்கும் குரலில் ஆரம்பித்தாள்.

“காக்கா, முத்திரை எந்தப் பக்கம் குத்துவாங்க?”

“பின்னாடிம்மா.”

“பின்பக்கத்துல என்ன எழுதிருக்கு?”

“ஒண்ணுமில்ல. வெறும் பேப்பரு.”

“அப்ப மூணு பேரும் எதுக்கு ஒரு வாரமா முன்பக்கத்தையே புடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கிறீங்க?”

ஆறுமுகம் தன் பஸ் சாவியை எடுத்து அதையே கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். முன்பக்கம்தான் முக்கியம், அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றத்தில், பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

கடைசியில் காக்கா சொன்னார்: “இதுக்குத்தாம்மா டிகிரி வேணுங்கிறது.” அதையும் ரசீதுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

உரிப்பதற்கு எங்களில் யார் கையும் சரிப்படாது என்று கலைமதியே முடிவு செய்தாள். தெருக்கோடியில் சலவைக்கடை வைத்திருக்கும் கான் பாயிடம் போனோம். பாகிஸ்தான்காரர். அரபிகளின் வெள்ளை அங்கியில் ஒரு சுருக்கமில்லாமல் தேய்ப்பதில் பேர்போனவர்.

“இது என்ன?” என்று ஹிந்தியில் கேட்டார்.

“என் மனைவியின் பட்டம்,” என்றேன்.

கான் பாய் அயர்ன் பாக்ஸை வைத்துவிட்டு உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். டிகிரியைக் குப்புறப் படுக்கவைத்தார். பிஸ்மில்லா சொன்னார். மேலே இன்னொரு துணி போட்டு லேசாகத் தேய்த்து, ஒரு மூலையை நகத்தால் கிளப்பினார்.

“ஜல்தி பண்ணாதீங்க பாய்,” என்றார் காக்கா.

“பேசினால் நீங்களே செய்யுங்கள்,” என்றார் கான் பாய்.

ஒரு விரல் அகலம் உரிந்தது. மறுபடி சூடு. இன்னொரு விரல் அகலம். நாங்கள் நாலு பேரும் யாழினியும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். சட்டை வாங்க வந்த வாடிக்கையாளர்கள் இரண்டு பேரும் விஷயம் தெரியாமலே எங்களோடு சேர்ந்து மூச்சை அடக்கிக்கொண்டார்கள். ஓர் இடத்தில் காகிதத்தின் மேல்தோல் நகக்கண் அளவு பிய்ந்தபோது கலைமதி என் தோளைப் பிடித்த பிடியில் இரண்டு நாள் வலி இருந்தது. ஆனால் முன்பக்கத்து பிளாஸ்டிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்ததால் கிழிசல் உள்ளே போகவில்லை. நான் போட்ட லாமினேஷன் செய்த ஒரே நல்ல காரியம் அது.

கடைசி மூலையும் உரிந்து வந்தது. காகிதத்தின் முதுகு கதர்த் துண்டு மாதிரி சொரசொரவென்று இருந்தது. திருப்பினால் முன்பக்கம் பழையபடி பளபள. பெயர், பல்கலைக்கழகம், கையெழுத்து, எல்லாம் அப்படியே.

கான் பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “எத்தனையோ ஷேக் வீட்டுத் துணி தேய்த்திருக்கிறேன்,” என்றார். “கை கழுவிவிட்டு வந்து தேய்த்தது இதை ஒன்றைத்தான்.” கூலி வாங்க மறுத்துவிட்டார். பதிலுக்கு அவருடைய கடை லைசென்ஸுக்கு லாமினேஷன் போட்டுத் தரச் சொன்னார். நான் அவருக்கு ஒரு மணி நேரம் புத்தி சொன்னேன்.

8

விசா முடிந்து கலைமதியும் யாழினியும் ஊருக்குக் கிளம்பினார்கள். டிகிரி கலைமதியின் கைப்பையில், இரண்டு அட்டைகளுக்கு நடுவே. அது திரும்பி வந்தால்தான் அவர்கள் திரும்பி வருவார்கள்.

சென்னையில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, ஒரு பக்கம் ஓட்டல் மெனு மாதிரி இருக்கு, ஒரு பக்கம் கிழிச்ச காலண்டர் மாதிரி இருக்கு?” என்றாராம்.

“எங்க வீட்டுக்காரர் ஆசையா செஞ்சது சார்,” என்றாளாம் கலைமதி.

அவர் மேலும் கீழும் பார்த்தார். “எங்க வீட்டுலயும் நாந்தான் இப்புடி,” என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினாராம். சொரசொரப்பான காகிதத்தில் மை அப்படியே ஊறிப் பிடித்துக்கொண்டது. கலைமதியின் தம்பி டெல்லிக்கு ரயில் ஏறிப் போய் மற்ற இரண்டையும் வாங்கி வந்தான். ஆகஸ்டு மூன்றாவது வாரம் டிகிரி கூரியரில் என் கடைக்கு வந்தது. நாலாவது முத்திரையை நானே வாங்கி, ஆபீஸ் மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முன்பக்கத்தைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சேட்டா,” என்றார், “ஒரு ரிக்வெஸ்ட். விசா பேப்பர் வரும். அதைத் தொடண்டா.”

தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. விசாவைக் காக்காவிடமே கொடுத்து ஊருக்கு ஃபேக்ஸ் அடிக்கச் சொன்னேன்.

செப்டம்பர் முதல் வாரம் அவர்களை ஏர்போர்ட்டிலிருந்து ஆறுமுகம் அழைத்து வந்தார். நான் கடை அடைத்துவிட்டு, துவைத்த சட்டையும் ஒரு பெட்டியுமாக நேராகப் பள்ளிக்கூடத்து குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வாசலில் ஒரு வங்கதேசத்து வாட்ச்மேன். புது ஆள் யார் வந்தாலும் நோட்டில் எழுதாமல் விடமாட்டார். பேனாவைக் கையில் கொடுத்துவிட்டார்.

பெயர் எழுதினேன். வீட்டு எண் எழுதினேன். அடுத்த கட்டம், வந்த காரணம். எனக்கு மேலே வந்தவர்கள் ‘ஏசி ரிப்பேர்’, ‘தண்ணீர் கேன்’, ‘கேஸ் சிலிண்டர்’ என்று எழுதியிருந்தார்கள். யோசித்துப் பார்த்துவிட்டு, ‘புருஷன்’ என்று தமிழிலேயே எழுதினேன்.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். “இது என்ன வேலை பாய்?” என்றார் ஹிந்தியில்.

“ஃபுல் டைம் டூட்டி,” என்றேன்.

மேலே மாடி வராந்தாவிலிருந்து யாழினி, “அப்பா, யல்லா, வாங்க! சோறு ஆறுது!” என்று கத்தினாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். வாட்ச்மேன் விடவில்லை. கடைசிக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். வெளியே போகும் நேரம். அது காலியாக இருந்தது.

“டைம்?”

“மாஃபி,” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.